கூச்சப் பூனைக்குச் சுவரில் ஒரு பாதை

பாளையங்கோட்டை
ஆனி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தென்காசியில் சாரல் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றும், அம்மாவின் முழங்கால் வலி தணிந்து இப்போது தார்சா வரைக்கும் தாமாகவே நடந்து வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மழை இல்லை, மேல்காற்று மட்டும் வீசுகிறது. ஆவணியில் நீங்கள் மூவரும் என்.ஜி.ஓ. காலனிக்குக் குடிவரப் போகிறீர்கள் என்ற செய்தியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கல்லூரி விடுதியை விட்டுப் பிரிந்த பிறகு நாம் இருவரும் ஒரே ஊரில் இருந்ததே இல்லை.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் கருப்பியைப் பற்றிய கவலைதான். ஆள் அரவம் கேட்டால் புறவாசல் வேப்பமரத்தில் ஏறி ஓட்டுக்கூரைக்குத் தாவி, அங்கிருந்து மச்சுக்குள் போய் ஒளிந்து, வந்தவர்கள் விடைபெற்றுப் போன பிறகே இறங்கி வரும் பூனை, இரண்டு அறையும் ஓர் அடுக்களையும் மட்டுமே உள்ள இரண்டாம் மாடி வீட்டில் எங்கே போகும் என்று கேட்டிருந்தாய். அந்த வீட்டிலும் தரை மட்டும்தான் சிறியது. சுவர்கள் பத்தடி உயரம் நிற்கின்றன, அவற்றில் ஆறடிக்கு மேல் உள்ள பகுதியை மனிதர்கள் எவரும் பயன்படுத்துவதில்லை. அந்த இடத்தைக் கருப்பிக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் பூனை செவலைக்கு நாங்கள் செய்ததும் அதுதான் என்பதால், தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அதன் பயத்தைக் குறையாக நினைக்காதே. பூனைக்குட்டி மனிதர்களுடன் பழகிக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையில்தான் மிக வலுவாக இருக்கிறது. கருப்பி அரிசி ஆலைக் கிட்டங்கியில் பிறந்து, மூன்று நான்கு மாதக் குட்டியாக உன் கைக்கு வந்தது. அதற்குள் அந்தப் பருவம் கடந்துவிட்டது. உன்னையும் அண்ணனையும் அது நம்புவதே பெரிய காரியம். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை எலியையும் பறவையையும் வேட்டையாடும் விலங்காக இருந்ததோடு, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்குத் தானே இரையாகும் நிலையிலும் வாழ்ந்தது. அதனால்தான் பூனைக்கு உயரம் வேண்டியிருக்கிறது. வருவது யார் என்று மேலிருந்து பார்க்க முடிந்தால் ஓடுவதா இருப்பதா என்று அது நிதானமாக முடிவு செய்கிறது; பார்க்க முடியாவிட்டால் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. பூனை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பூனையின் சுற்றுச்சூழல் தேவைகளை ஐந்தாக வகுத்து, பாதுகாப்பான இடம் என்பதையே முதலாவதாக வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் குடிவந்த அன்றே அதை மேலே ஏற்ற நினைக்க வேண்டாம். முதல் சில நாட்களுக்குப் படுக்கையறை ஒன்றை மட்டும் அதற்கு ஒதுக்கி, தரையிலேயே ஓர் ஒளிவிடம் வைத்துவிடு. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுக்கப்பட்ட பூனைகள், பெட்டி இல்லாதவற்றைவிட விரைவாக, முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன என்று கண்டார்கள். ஒளிய விட்டால் கூச்சம் கூடிவிடும் என்றும், வெளியே இழுத்து நாலு பேர் கையில் கொடுத்தால்தான் பழகும் என்றும் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதே. தன் விருப்பப்படி ஒளிய முடிந்த பூனைதான் தன் விருப்பப்படி வெளியே வரும்.

உங்கள் அரங்குவீட்டில் பனையோலைக் கடகப்பெட்டி இருக்குமல்லவா, அதையே ஒளிவிடமாக வைக்கலாம். பக்கவாட்டில் சாய்த்து, கருப்பி படுத்த பழைய சேலைத் துண்டை உள்ளே விரித்துவிடு. அதைத் துவைக்காமலே கொண்டு வர வேண்டும். பூனைக்குத் தன் வாசனை இருக்கும் இடமே தன் இடம். அது கன்னத்தை உன் மேல் உரசும்போது ஒரு பழந்துணியால் மெல்லத் துடைத்து, அந்தத் துணியைப் புதிய பலகைகளின் ஓரங்களில் தேய்த்து வைப்பதும் நல்ல பலன் தரும். பலகைகளைப் பினாயில் போட்டுத் துடைக்கவே கூடாது, ஏனென்றால் அத்தகைய பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகிவிடும்.

இனிப் பாதைக்கு வருகிறேன். கடைகளில் கம்பளி ஒட்டிய கோபுரம் ஒன்றை நல்ல விலைக்கு விற்கிறார்கள். துணிச்சலான பூனைக்கு அது போதும். கூச்சப் பூனைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறையின் ஒரு மூலையில் தனியாக நிற்கும் அதன் உச்சிக்கு ஏறிவிட்டால், இறங்குவதற்கு ஏறிய வழியைத் தவிர வேறு வழி இல்லை. கீழே ஒரு விருந்தாளி வந்து நின்றால் பூனை மேலே அகப்பட்டுக்கொள்கிறது. அப்படி ஒருமுறை பயந்துவிட்டால் பிறகு அந்தப் பக்கமே போகாது. ஆகவே உச்சி எவ்வளவு உயரம் என்பதைவிட, அந்த உச்சிக்குப் போகவும் அங்கிருந்து விலகவும் குறைந்தது இரண்டு வழிகள் உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். செவலையின் பாதை படுக்கையறை பீரோவில் தொடங்கி, கதவு நிலைக்கு மேலாகக் கூடத்துக்குள் வந்து, புத்தக அலமாரியின் தலையைத் தொட்டு, ஜன்னலோரத்தில் இறங்குகிறது. அண்ணாச்சி ஒருவர் எதிர்பாராமல் வந்து கூடத்தில் உட்கார்ந்தாலும், செவலை தரையில் கால் வைக்காமலே படுக்கையறைக்குப் போய்விடலாம். அப்படிப் போக முடியும் என்று தெரிந்த பிறகுதான் அது போகாமல் இருக்கத் தொடங்கியது. இப்போது வந்தவர்களை மேலிருந்து பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறது.

ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு முதல் பதினைந்து அங்குலம் வரை உயர வேறுபாடு இருந்தால் போதும். இளம் பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி தாவும் என்றாலும், கருப்பிக்கு ஏழு வயது ஆகிறது. தவிரவும் இறங்குவதுதான் பூனைக்குக் கடினம். அதன் நகங்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் ஏறும்போது மரத்தைப் பற்றிக்கொள்கின்றன, தலைகீழாக இறங்கும்போது பிடிப்பதில்லை. உங்கள் வேப்பமரத்திலிருந்து கருப்பி பின்புறமாகச் சறுக்கி இறங்குவதை நீ பார்த்திருப்பாய். ஆகவே இறங்கும் பக்கத்தில் படிகளை இன்னும் நெருக்கமாக வை. நடக்கும் பலகைக்குப் பத்து அங்குல அகலமும், படுக்கும் பலகைக்குப் பதினாறு அங்குல அகலமும் இருக்கட்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதுமான கனம்.

பலகை ஆடவே கூடாது. நான்கு கிலோ எடையுள்ள பூனைதானே என்று எண்ணிவிடலாகாது. அது தாவி விழும்போது பலகை தாங்க வேண்டிய விசை அதன் எடையைப்போல் பல மடங்கு. செங்கல் சுவர் என்றால் துளையிட்டு இரும்பு ஆங்கிளை முடுக்கினால் நிற்கும். இப்போது கட்டும் வீடுகளில் இலேசான பிளாக் சுவர்கள் வருவதால், ஆசாரி துளையிடும் முன் சுவரைத் தட்டிப் பார்த்து அதற்கேற்ற திருகாணியைத் தேர்ந்தெடுக்கட்டும். வாடகை வீடு என்று எழுதியிருந்தாய். வீட்டுக்காரர் துளையிட அனுமதிக்காவிட்டாலும் கலங்க வேண்டாம். பீரோ, புத்தக அலமாரி, மேசை, தையல் இயந்திரம் ஆகியவற்றை உயர வரிசையில் ஒன்றையடுத்து ஒன்றாக நகர்த்தி வைத்தாலே பாதிப் பாதை அமைந்துவிடும். மீதியைக் கனமான அடிப்பலகையுள்ள மர ஏணி ஒன்று நிறைவு செய்யும். ஏணியின் கால்களில் கற்றாழை நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினால் அதுவே நகம் தீட்டும் தூணும் ஆகிறது. முழு உடலையும் நீட்டிக் கீற வேண்டும் என்பதால் மூன்றடி உயரத்துக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். பலகைகளின் மேல் பழைய பத்தமடைக் கோரைப்பாயை அளவாக வெட்டி அடித்துவிட்டால் கால் வழுக்காது, கோடையில் சூடும் தெரியாது. உயர்ந்த பட்டுப்பாயை இதற்காக வெட்டிவிடாதே; சாதாரண முரட்டுப் பாய் போதும்.

நம் ஊர் வீடுகளுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது மின்விசிறி. வழக்கமாக நாம் மாட்டும் விசிறியின் இறக்கைகள் 1,200 மில்லிமீட்டர் விட்டத்தில், ஏறக்குறைய நான்கடி வட்டத்தில் சுற்றுகின்றன. அவை சுற்றும் உயரமும் பீரோவின் தலையிலிருந்து பூனை எட்டித் தாவும் உயரமும் ஒன்றுதான். ஆகவே பாதை முழுவதும் சுவரை ஒட்டியே போக வேண்டும், அறையின் குறுக்கே தாவத் தூண்டும்படி எதிரெதிரே பலகைகள் அமையவே கூடாது. இரண்டாவது வெப்பம். உங்கள் வீட்டுக்கு மேல் மொட்டைமாடி என்றால், சித்திரை வைகாசியில் காங்கிரீட் கூரை இரவிலும் அனல் கக்கும். சூடான காற்று மேலேதான் தங்கும். மேல் பலகை கூரையிலிருந்து இரண்டடியாவது கீழே இருக்கட்டும், நடு உயரத்திலும் ஒளிவதற்கு ஓர் இடம் வை. கோடை மதியத்தில் செவலை தானாகவே அங்கே இறங்கிவிடுகிறது.

பீரோ மேலும் பரண் மேலும் அது ஏறப்போகிறது என்பதால், அங்கே நாம் போட்டு மறந்துபோன அந்துருண்டைகளையும் எலி மருந்தையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். அந்துருண்டை பூனைக்குக் கொடிய நஞ்சு. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் குடிவருமுன்பே கம்பிவலை அடித்துவிடுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தாய். நியூயார்க்கில் உயர்ந்த கட்டடங்களிலிருந்து விழுந்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன என்பது உண்மைதான், ஆனால் அவற்றில் பலவற்றுக்கு நுரையீரல் அடிபட்டிருந்தது, முகத்தெலும்பு முறிந்திருந்தது. அண்ணனிடம் இதையும் சொல். புறா ஒன்று கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தால் எந்தப் பூனைக்கும் நிதானம் இருப்பதில்லை.

பாதை அமைந்த பிறகு அதைத் தூக்கி மேலே வைத்துப் பழக்காதே. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்து முள் நீக்கிய சாளை மீனில் ஒரு துணுக்கை முதல் பலகையில் வைத்துவிட்டு விலகிப் போ. அதைத் தின்னப் பழகியதும் அடுத்த பலகைக்கு நகர்த்து. சில நாட்கள் ஏறாமலே இருக்கும், இருக்கட்டும். மேலே படுத்திருக்கும்போது எக்காரணம் கொண்டும் கையை நீட்டி இறக்கக் கூடாது. மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நாளில்கூட, முன்கூட்டியே சாப்பாட்டைக் காட்டிக் கீழே வரவழைத்துத்தான் கூடைக்குள் விட வேண்டும். மேலே இருக்கும்போது யாரும் தன்னைத் தொட மாட்டார்கள் என்ற உறுதி ஒன்றுதான் அந்தப் பலகைகளுக்கு மதிப்புத் தருகிறது. பேரப்பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வை. குழந்தைகளுக்குக் காரணத்தைச் சொன்னால் பெரியவர்களைவிட நன்றாகவே கடைப்பிடிப்பார்கள்.

பலகை உன் கண் மட்டத்துக்கு வருவதால் இன்னொரு நன்மையும் உண்டு. நாற்காலியில் சற்றுத் தள்ளி அமர்ந்து, அதை உற்றுப் பார்க்காமல், கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திற. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் மூடித் திறந்தவர்களைப் பார்த்துப் பூனைகளும் அவ்வாறே செய்தன என்றும், அறிமுகமில்லாதவர்கள் செய்தபோதும் அவர்களை நெருங்கி வர அதிகம் முன்வந்தன என்றும் கண்டிருக்கிறார்கள். உன் மருமகனைக் கண்டு கருப்பி ஓடுகிறது என்று வருந்தினாயே, அவரை இதைச் செய்து பார்க்கச் சொல்.

குடிவருவதற்கு முன் ஒருநாள் சாவி வாங்க வருவாய் அல்லவா, அன்று அளவு நாடாவைக் கையில் எடுத்து வா. கூடத்து ஜன்னலுக்கும் படுக்கையறைக் கதவு நிலைக்கும் உள்ள தூரத்தையும், விசிறிக் கொக்கி எந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும், உங்கள் பீரோவின் உயரத்தையும் குறித்துக்கொண்டால் போதும். செவலைக்குப் பலகை அடித்துத் தந்த ஆசாரி குலவணிகர்புரத்தில்தான் இருக்கிறார். பூனைக்கா என்று கேட்டுச் சிரிக்காமல், எத்தனை கிலோ என்று கேட்டு வேலை செய்பவர். அவரையும் அன்றே வரச் சொல்லிவைக்கிறேன். கம்பிவலை வேலையும் பலகை வேலையும் ஆடி முடிவதற்குள் முடிந்துவிட வேண்டும், கருப்பி வந்த பிறகு வீட்டுக்குள் துளையிடும் சத்தம் கேட்கக் கூடாது.

அம்மாவுக்கு என் வணக்கத்தையும் அண்ணனுக்கு என் அன்பையும் சொல். எந்தத் தேதியில் வருகிறாய் என்று உடனே எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி