கிராணி மாமா, பேனரில் ழ இல்லை

அன்புள்ள கிராணி மாமாவுக்கு,

வணக்கம். நேற்று அப்பாவின் மோட்டாரில் பட்டணத்துக்குப் போகும்போது கோயில் முச்சந்தியில் புது பேனரைப் பார்த்தேன். பத்தடிக்கு நாலடி. தூரத்திலிருந்து அம்மன் நன்றாகத்தான் இருந்தாள். கிட்டே போனால் சூலத்துக்கு நாலு முனை. கையிலிருப்பது வேப்பிலையா கங்கோங் கீரையா என்று தெரியவில்லை. அதெல்லாம் போகட்டும். ‘தீமிதித் திருவிழா’ என்ற இடத்தில் ழா இல்லை. ழா மாதிரி ஏதோ ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தமிழின் 247 எழுத்துக்குள் அது வராது.

போனில் ஏஐயிடம் கேட்டு நீங்களே செய்ததாக அப்பா சொன்னார். கமிட்டிக் கூட்டத்தில், “இனிமே அந்தப் பொண்ணத் தொந்தரவு பண்ண வேணாம், ரெண்டு நிமிசத்துல வந்துருது” என்றீர்களாம். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பீர்கள். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதிப் பார்த்தேன். கோபமாகத் தெரிந்தது, அழித்துவிட்டேன். அதனால்தான் இப்படி எல்லாரும் பார்க்கும்படி நீளமாக எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ஊரில் கிராணி மாமா, அதாவது தோட்டத்துக் கணக்கெழுதியவர், என்றால் ஒருவர்தான், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நான் வீட்டில் சும்மா இருப்பதாக நம் வரிசையில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மூன்று வருடம் இருந்தேன். 2,300 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம், 550 வெள்ளி அறை வாடகை. அந்த ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தீபாவளி நெருங்கினால் மட்டும் எல்லாருக்கும் என் மேசை ஞாபகம் வரும். போன வருடம் ஆள் குறைத்தார்கள், என்னையும் சேர்த்து. சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிழப்புக் காப்புறுதியில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது, அடுத்த மாதம் 50, அதற்கடுத்து 40. மூன்றாம் மாதம் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தேன். முதலாளி சேமநிதிக்குப் போட்டுக்கொண்டிருந்த 13 விழுக்காடும் அத்தோடு போச்சு.

இப்போது கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பந்திங் (நீளத் தொங்கு பேனர்), பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கச்சான் கடலை விற்கும் அக்காவுக்கு விலைப்பட்டியல் என்று ஓடுகிறது. இறப்பு அறிவிப்பு ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வரும். அழுதுகொண்டே படம் அனுப்புவார்கள், அதுவும் பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படம். அதிலிருந்து தாத்தாவைத் தனியாக வெட்டி எடுத்து, சட்டைக்கு ஒரு காலர் வைத்து, விடியுமுன் கொடுக்க வேண்டும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. வாங்க நினைத்தாலும் அம்மா விட மாட்டார்.

ஆனால் கோயில் பேனருக்கும் கேட்காமலே இருந்துவிட்டேன், நாலு முறை. தப்பு என் பேரில்தான். காசு கொடுக்காத வேலையைச் சுலபமான வேலை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அப்பா வெட்டிய செம்பனைக் குலைக்கெல்லாம் கணக்கு இருந்தது. செக்ரோலில், அந்தத் தோட்டக் கணக்குப் புத்தகத்தில், எழுதியவரே நீங்கள்தான்.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும். முதலில் உபயகாரர்களின் படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நாலடி உயரத்தில் அச்சடித்தால் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி ஒவ்வொருவரையும் கெஞ்ச வேண்டும். அப்புறம் நிறம். திரையில் காண்பது ஒளி, பேனரில் வருவது மை. திரையில் ஜொலிக்கும் காவி அச்சில் செங்கல் தூளாகிவிடும், முன்கூட்டியே மாற்றி வைக்க வேண்டும். அடுத்தது ஊர்ப் பெயர். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பேனரில் அப்படிப் போட்டால் “இது எந்த ஊர்?” என்று தாத்தாமார் கேட்பார்கள், பத்தாங் பெர்ஜுந்தை என்று போட்டால் அவர்கள் பேரப்பிள்ளைகள் திருத்துவார்கள். நான் இரண்டையும் போடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான தெரிவை முதலில் இயக்க வேண்டும். மறந்துவிட்டு ‘தேர்’ என்று ஒட்டினால் கொம்பு த-வுக்கு முன்னால் வராது, பின்னால் போய் நிற்கும். படிக்கிறவர் கண்ணுக்கு ‘தரே்’ என்று தெரியும். கணினியில் தமிழ் ஒழுங்காக நிற்க எவ்வளவோ பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கணினியோடு வரும் இணைமதி எழுத்துரு அவர் செய்ததுதான். இத்தனைக்கும் பிறகு நம் கோயில் வாசலில் உடைந்த ழா தொங்குவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் பயன்படுத்துகிறேன், பின்னணி வானத்துக்கும் பூமாலைக்கும். கருவி மாறுவது நம் குடும்பங்களுக்குப் புதிதா என்ன? பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார்கள். பேர் தென்னமரம், நட்டது செம்பனை! என் பாட்டி பால்வெட்டுக் கத்தியோடு இருந்தவர், அப்பா கைக்கு அரிவாள் வந்தது, எனக்கு மவுஸ். என் பயம் வேறு. சில ஏஐகளில் இப்போதே தமிழ் ஓரளவு ஒழுங்காக வருகிறது. அடுத்த வருடம் அந்த ழா சரியாகவே வந்துவிட்டால் நான் உங்களுக்கு எதைக் காட்டி எழுதுவேன்? அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். தோட்டத்துக் கோயிலுக்கு நீங்கள் தகரப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தீர்கள், நான் சிவப்பு பெயிண்ட் டின்னைப் பிடித்திருந்தேன். பென்சிலால் கோடு போட்டு, விரலால் இடைவெளி அளந்து, அரை நாளில் ஒரு வரி முடித்தீர்கள். ழ வந்தபோது பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, “இதுக்கு அவசரப்படக் கூடாது, வால் எறங்கிட்டுத்தான் மடங்கணும்” என்றீர்கள். நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த டின்னைப் பிடித்ததால்தான் என்று கல்லூரி நேர்முகத்தில் சொன்னேன். உங்களிடம் சொன்னதில்லை.

அந்தக் கண்ணுக்கு முச்சந்தியில் இருக்கும் ழா தப்பாகத் தெரியவில்லையா, மாமா? தெரிந்தும், ‘ஓசியில் வந்தது, போகட்டும்’ என்று விட்டுவிட்டீர்களா?

திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. புது பேனர் செய்து வைத்திருக்கிறேன், சூலத்துக்கு மூன்று முனைதான். வடிவமைப்புக்கு 120 வெள்ளி, அச்சுக்கூலி தனி. கமிட்டிக்கு ரசீது எழுதித் தருகிறேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. அந்தத் தகரப் பலகை உங்கள் வீட்டு ஸ்டோரில் இருப்பதாக அத்தை சொன்னார். தலைப்புக்கு உங்கள் கையெழுத்தையே எடுத்துப் போடலாம் என்று பார்க்கிறேன், குறிப்பாக அந்த ழ. துரு எவ்வளவு ஏறியிருக்கிறதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் வந்து படம் பிடித்துக்கொள்ளட்டுமா? பலகையைத் துடைக்க வேண்டாம், நானே துடைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
டின் பிடித்த பிள்ளை