மாட்டிய கைகளுக்கும் காவல் இருந்தவர்களுக்கும் நன்றி

கடைசித் துணியையும் சுருட்டிக் கட்டி அனுப்பிய பிறகுதான் இதை எழுத உட்கார முடிந்தது. நெசவு, முடிச்சு வேலை, குரோஷே என்ற கொக்கி ஊசிப் பின்னல், பூத்தையல், கம்பளி நாரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் என்று ஆளுக்கொரு விதமாக நூலோடு மல்லுக்கட்டுகிற நாங்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் வேலைகளைக் கண்காட்சியாக வைத்தோம். அழைப்பிதழில் எங்கள் பெயர்கள் மட்டும் இருந்தன, உங்கள் பெயர்களும் இருந்திருக்க வேண்டும்.

முதல் நன்றி மாட்டிக் கொடுத்தவர்களுக்கு. சட்டம் போட்ட ஓவியத்தை ஆணியில் மாட்டிவிடலாம். துணி தன் எடையாலேயே கீழே இழுபடும், அந்த எடை ஓரிரு இடத்தில் மட்டும் விழுந்தால் அங்கே நூல் தளர்ந்து நெசவே கோணிப்போகும். அதனால் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையைப் பருத்தி நாடாவில் தைத்து, அந்த நாடாவை ஒவ்வொரு வேலையின் பின்பக்கமும் மேல் விளிம்பு முழுக்கக் கையாலேயே தைத்தீர்கள். முன்பக்கம் ஒரு தையலாவது தெரிகிறதா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. அப்புறம் அந்தப் பெரிய சணல் வேலை. ஒரு இரவு சும்மா தொங்கட்டும், எவ்வளவு இறங்குகிறதென்று பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யலாம் என்றீர்கள். மறுநாள் காலையில் நுனி தரையில் கிடந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் திறப்பு நாளன்று அது அப்படித்தான் கிடந்திருக்கும்.

கம்பளி வேலைகளில் அந்துப்பூச்சி முட்டை இருந்துவிடக் கூடாதே என்று அவற்றைக் காற்றுப் புகாமல் பாலிதீனில் கட்டி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டியிருந்தது. அதற்காக வீட்டு ஃப்ரீசரையே காலி செய்து கொடுத்தவருக்கு என்ன சொல்வது!

விளக்கு போட்டவர்களுக்குத் தனி நன்றி. சாயம் போட்ட துணிக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் வேண்டாம் என்று கேட்டோம், நீங்கள் மீட்டரோடு வேலை வேலையாக நின்று அளந்தீர்கள். ஏன் இவ்வளவு இருட்டு என்று கேட்டவர்களிடமெல்லாம், வெளிச்சத்தில் வெளுத்த நிறம் திரும்பி வராது என்று சலிக்காமல் சொன்னீர்கள். வாசலிலிருந்தே வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்ததால் உள்ளே வருவதற்குள் கண் பழகிவிட்டது, அது எங்களுக்குத் தோன்றாத யோசனை.

இதெல்லாம் கைவேலைதானே, கலையா என்ற கேள்வி தினமும் வந்தது. ஆனி ஆல்பர்ஸின் நெசவுகளை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1949இலேயே தனிக் கண்காட்சியாக வைத்ததையும், மக்தலேனா அபகனோவிச் சிசல் என்ற தாவர நாரில் நெய்த பிரம்மாண்ட உருவங்களையும், மிருணாளினி முகர்ஜி கயிற்றை முடிச்சிட்டே எழுப்பிய சிற்பங்களையும் சொல்லி நிதானமாகப் பேசிய நண்பருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

கூடத்தில் காவலுக்கு உட்கார்ந்த தன்னார்வலர்களைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். நூலைப் பார்த்தால் கை தானாக நீளும், அது தப்பே இல்லை, ஆனால் விரலின் எண்ணெயும் அழுக்கும் துணியில் தங்கிவிடும். வருகிறவர்களிடம் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க மனமில்லாமல், மாதிரித் துண்டுகள் தாருங்கள், ஒரு மேசையில் வைக்கிறோம் என்று கேட்டீர்கள். பார்வையில்லாத ஒரு அம்மா அங்கே அரைமணி நேரம் நின்று, நீள நூலான பாவு எது, குறுக்கு நூலான ஊடை எது என்று விரலாலேயே பிரித்துச் சொன்னார். என் நெசவை அவ்வளவு கவனமாக இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அந்த மேசைத் துண்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஃபெல்ட் துண்டின் ஓரமெல்லாம் மழுங்கி முடி எழும்பியிருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன். மற்றவற்றை உங்களுக்குள் பிரித்துக் கொடுக்க ஆசை, யாருக்கு எது வேண்டும் என்று சொல்லுங்கள்.