ஆக்காட்டி கூட்டுக்கு கிட்ட போவாண்டாம் மக்களே

எனக்க மக்களே,

நீ நேத்து ராத்திரி அனுப்புன படத்த இன்னைக்கு வெளுப்புக்கு நாலரைக்குத்தான் பாத்தேன், அப்பா சீக்கிரமே படுத்துட்டேன். பல்லு கூட தேய்க்கல, கண்ணாடிய மாட்டிட்டு கம்ப்யூட்டர்ல போட்டு பெருசாக்கி பாத்தேன். மஸ்கட்லயும் நம்ம ஆக்காட்டிப் பறவை நிக்குன்னு பாக்கச்சில எனக்கு நம்ம ஊரு ஆள யாரையோ அங்க பாத்தமாதிரி இருந்து. கண்ணு நறுக்குன்னு விழுந்திருக்கு, கண்ணுக்கு முன்னால தொங்குற செவப்பு சதை, சொண்டு நுனில கருப்பு, கழுத்துல எறங்குற வெள்ளக் கோடு எல்லாம் சுத்தமா வந்திருக்கு, பின்னாடி மண்ணு மட்டும் கலங்கி மெத்து மெத்துன்னு. கேமரா வாங்கி நாலு மாசத்துல இப்பிடி எடுக்கணும்னா கண்ணு நல்லா இருக்கணும். 31 வருசம் ஸ்டுடியோ நடத்துனவன் சொல்றேன், படம் நல்ல படம்.

ஆனா போன்ல சொன்னா நீயும் நானும் ஏதாவது பேசி சடஞ்சிருவோம், அதான் உக்காந்து டைப் பண்றேன். நீ டியூட்டி முடிஞ்சு வந்து பைய வாசி.

படத்துக்குள்ள கெடக்க விவரத்தையும் பாத்தேன். காலைல 11.40, லென்ஸ் 210 மில்லிமீட்டர்ல நிக்குது. உன்ட்ட இருக்கது ஃபுல் ஃபிரேம், பழைய ஃபிலிம் அளவுக்கு சென்சாரு உள்ள கேமரா. ஆக்காட்டி மூக்குல இருந்து வாலு வர ஒரு அடிக்கு கொஞ்சம் கூட இருக்கும், அது 210ல பாதி ஃபிரேம் நெறஞ்சு நிக்கணும்னா நீ பன்னெண்டு பதிமூணு அடியிலதான் நின்னுருக்கணும். செறகு பாதி தூக்கி வாய தொறந்து நிக்குதே, அது நமக்கு போஸ் குடுக்கல மக்களே, அது கத்துது. அதுக்க காலுக்கு கீழ நாலு முட்டை, அதுமேல ஒரு நெழலும் இல்ல. மஸ்கட் வெயிலு, மத்தியானம் ஆவப்போற நேரம். எவ்வளவு நேரம் நின்ன? அத நீ எழுதல.

நான் உன்ன ஏசல. ஏன்னா இதே காரியத்த உனக்க அப்பாதான் மொதல்ல செஞ்சான், இதுவரைக்கும் உன்ட்ட சொல்லல, அம்மைக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருசத்துக்கு முந்துன வருசம் மே மாசம். நம்ம குமரி மாவட்டத்து புத்தளம் உப்பளத்துக்கு அந்தாண்ட, பாத்தியெல்லாம் முடிஞ்சு பொட்டக்காடு தொடங்குற எடத்துல, மாட்டுக் கொளம்பு பதிஞ்ச ஒரு பள்ளத்துல நாலு முட்டை. கூடுன்னு ஒண்ணும் கெடையாது, சின்னச் சின்ன கல்லு, காஞ்ச ஆட்டுப் புழுக்க, அதுக்க நடுவுல முட்டை, நெறமும் மண்ணு நெறம் அதுல கருப்புத் திட்டு, ரெண்டடி தள்ளி நின்னா தெரியாது. எனக்கு தெரிஞ்சதே அது கத்துனதாலதான். எனக்க கை கல்யாண வீட்டுல 'மாப்ள கொஞ்சம் கிட்ட வாங்க, பொண்ணு இங்க பாருங்க'ன்னு சொல்லி சொல்லி பழகுன கை. ஆளு கிட்ட வரலன்னா நாம கிட்ட போவோம், அதான் தொழிலு. அன்னைக்கும் அப்பிடித்தான் போனேன். ஆணும் பொண்ணும் தலைக்கு மேல சுத்தி சுத்தி கத்துது, ஒண்ணு தரைல எறங்கி செறகு ஒடிஞ்சமாதிரி இழுத்துட்டு போவுது, எனக்கு என்ன தோணிச்சுன்னா, அடடா என்ன ஆக்‌ஷன்னு தோணிச்சு. ஃபிலிம் காலத்துல ஒரு ரோலுக்கு 36 படம், ஒவ்வொண்ணையும் யோசிச்சு அமுக்குவோம். இப்ப உள்ள மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவுல ஒரு செகண்டுக்கு பதினஞ்சு, கை எடுக்க மனசு வரல. நாப்பது நிமிசம், அறநூறு படம்.

வீட்டுக்கு வந்து சாயா குடிச்சிட்டு ஒண்ணொண்ணா தள்ளி பாக்கேன். முன்னூறு தாண்டுனதுக்கு அப்புறம் ஒரு படத்துல, பறவைக்கு பின்னால, வரப்பு மேல ஒரு கருப்புப் புள்ளி. அடுத்ததுல இல்ல. பத்து படம் தள்ளி திருப்பியும் இருக்கு, இப்ப கொஞ்சம் பெருசா. பெருசாக்கி பாத்தா காக்கா. ஃபோகஸ்ல இல்ல, ஆனா தலைய சரிச்சு பாக்கது தெரியுது. அது நான் நிக்கதையும் பாத்திருக்கு, நான் பாக்குற எடத்தையும் பாத்திருக்கு, நான் எப்ப போவேன்னு காத்து கெடந்திருக்கு. எனக்க கேமராவே அத நாப்பது அம்பது படத்துல எடுத்து வச்சிருக்கு, நான்தான் பாக்கல.

மறுநாள் வெளுப்புக்கு போனேன். ஒரு முட்டை ஒடஞ்சு கெடந்து, ஓட்டுல எறும்பு. மத்த மூணையும் காணல. ஆக்காட்டி ரெண்டும் கொஞ்சம் தள்ளி வரப்புல நின்னுது, நான் கிட்ட போன பெறவும் கத்தல. அந்த கத்தாம நின்னது இருக்கே, அது எனக்கு இன்னைக்கும் ஓர்மை உண்டு. காக்காவ குத்தம் சொல்ல முடியாது, அதுக்கும் கூட்டுல குஞ்சு உண்டு. ஆக்காட்டிங்குற பேரே ஆள காட்டிக் குடுக்குறதாலதான், அன்னைக்கு நான்தான் அதுக்க கூட்ட காட்டிக் குடுத்தேன்.

அம்மைட்ட சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, 'அந்த படத்த ஒண்ணையும் ஃபிரேம் போடாண்டாம்'னு மட்டும் சொன்னா. போடல.

அதுக்கு பெறவுதான் ஸ்கோப் வாங்குனேன், தூரத்துல நிக்குற பறவைய ஒத்தக் கண்ணால பெருசா பாக்குற டெலஸ்கோப்பு. நீ 'கேமராவே இருக்கச்சில இது என்னத்துக்குப்பா காச கரியாக்குறீங்க'ன்னு கேட்டல்லா, காரணம் இதுதான். செகண்ட் ஹேண்டு, முன்னால 80 மில்லிமீட்டர் கண்ணாடி, 20ல இருந்து 60 மடங்கு வர பெருசாக்கும், குனிஞ்சு பாக்குற மாதிரி வளஞ்ச மாடலு. எனக்கு கழுத்து வலிக்கு அதுதான் தோது, ஸ்டாண்டையும் தாழ்த்தி வச்சு தரைல உக்காந்துக்கலாம். உக்காந்துட்டா பறவைக்கும் பயம் கொறயும், நம்ம ஊரு மேக்காத்துக்கு ஸ்டாண்டும் ஆடாது. நான் கேமரா பைய ஸ்டாண்டுக்க நடுக்கம்பில தொங்க விட்டுருவேன். தொடக்கத்துல எல்லாரும் செய்ற மாதிரி நானும் 60ல வச்சுத்தான் பாத்தேன், இருட்டி போயி ஒண்ணும் தெரியல. கணக்கு லேசுதான், 80ஐ 20ஆல வகுத்தா 4, கண்ணுக்குள்ள வாற வெளிச்ச வட்டம் 4 மில்லிமீட்டர். 60ஆல வகுத்தா 1.3தான். அதனால வெளுப்புக்கு 20, 25ல பாரு, வெயிலு நல்லா வந்த பெறவு கூட்டு. ஆனா நல்லா வெயிலு வந்தா அடுத்த தொல்ல, உப்பளத்துக்கு மேல காத்து சூடாயி அலையடிக்கும். ஒம்பது மணி தாண்டுனா பறவைக்க காலெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்க மாதிரி நெளியும். எத்தன லட்சம் ரூவா லென்ஸா இருந்தாலும் அந்த கானல அறுக்க முடியாது. கிட்ட போனா சரியாவும்னு தோணும், அங்கதான் மனசு கெடும். கேமராவ மூடி பைல வச்சிரு.

போன வருசம் ஏப்ரல்ல தேரூர் குளத்துப் பக்கம் தண்ணி வத்துன ஒரு ஓரத்துல இன்னொரு ஜோடி முட்டை வச்சிருந்து. நான் ரோட்டு ஓரத்துல ஒரு பனைக்கு கீழ உக்காந்தேன், நூறு மீட்டர் இருக்கும், அது என்ன கண்டுக்கவே இல்ல. ஒரு சத்தம் கெடையாது. அதுவே எனக்கு புதுசா இருந்து, முட்டை வச்சிருக்க ஆக்காட்டி கத்தாம இருந்து நான் அதுவர பாத்ததில்ல. பதினோரு மணி வாக்குல கூட்டுல இருந்தது எந்திரிச்சு குடுகுடுன்னு ஓடி தண்ணி ஓரத்துல போயி நின்னுது, குடிக்கப் போவுதுன்னு நெனச்சேன். குடிக்கல. நெஞ்ச தாழ்த்தி வயித்த தண்ணில முக்குது, முக்கி முக்கி எடுக்குது, கோழி மண்ணுல குளிக்குமே அதுமாதிரி. பெறவு திரும்பி வந்து காலு ரெண்டையும் அகட்டி, முட்டைக்கு மேல ஈர வயித்தோட பைய உக்காருது. ஸ்கோப்ல தூவல் நுனில தண்ணி சொட்டுறது கூட தெரிஞ்சு, கானல்ல ஆடிக்கிட்டே தெரிஞ்சு. முட்டைய குளுர வைக்குது மக்களே. அடைகாக்குறதுன்னா சூடு குடுக்கதுன்னுதான் நம்ம நெனப்பு, இது வெயில்ல இருந்து காக்குது. ஒரு மணி நேரத்துல ஏழு தடவ போய் வந்து. நடுவுல ஜோடி வந்து மாத்திக்கிட்டு, அதுவும் வயித்த நனச்சிட்டுத்தான் வந்து.

இப்ப புரியுதா, நான் புத்தளத்துல நின்ன அந்த நாப்பது நிமிசத்துல எத்தன தடவ நனச்சிருக்கும், அத்தனையையும் நான் தடுத்திருக்கேன். காக்கா வரலன்னாலும் முட்டை வெந்திருக்கும்.

அன்னைக்கு செல்போன ஸ்கோப் கண்ணுல வச்சு ஒரு வீடியோ எடுத்தேன், ஓரமெல்லாம் கருப்பா வட்டமா, ஆடிக்கிட்டு, எந்த போட்டிக்கும் ஆவாது. எனக்க கைல இருக்க படத்துலயே அதுதான் பெருசுன்னு நான் நெனக்கேன். நீ போட்டிக்கு அனுப்பப் போறேன்னு எழுதிருக்க, நம்ம நாட்டுல நல்ல போட்டிக பலதுல கூட்டுப் படம், முட்டைப் படம் ஏத்துக்க மாட்டாங்க, விதில ஒருமட்டம் பாத்துக்க. ஏத்துக்கிட்டாலும் அனுப்பாண்டாம்னுதான் சொல்வேன். ஒரு படம் வெளிய போனா எடம் எங்கன்னு பத்து பேரு கேப்பாங்க, பத்து பேரும் பதிமூணு அடிக்கு போவாங்க. இங்கயே பாக்கேன்லா. சுசீந்திரம் தேரூர் குளத்தையும் வேம்பனூர் குளத்தையும் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களுக்க பட்டியல்ல, சேத்தாங்க, நல்ல காரியம், ஆனா அதுக்கு பெறவு ஞாயித்துக்கெழமன்னா குளத்தங்கரைல கேமரா கூட்டம். பறக்குற படம் வேணும்னு கூழைக்கடாக்கு கல்லெறிஞ்ச பயலுவள நானே பாத்து சத்தம் போட்டிருக்கேன். மஞ்சமூக்கு நாரை, உள்ளானு எல்லாம் இர தின்ன வந்தது, அதுல உள்ளானுக பலது சைபீரியா வரைக்கும் திரும்பிப் போவணும், அதுக்கு ஒடம்புல கொழுப்பு சேக்கணும். நம்ம ஒரு தடவ பறக்க விட்டா அன்னைக்கு தின்ன தீனி அதுல போச்சு.

கேமரா விசயமா நீ கேட்டதுக்கும் சொல்லிர்றேன். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் நல்லதுதான், ஆனா பறக்குற படத்துக்கு வேண்டாம், சென்சாரு வரி வரியா வாசிக்கிறதால செறகு ரப்பர் மாதிரி வளஞ்சு வரும், நீ அனுப்புன ஆலாப் பறவை படத்துல நடந்தது அதுதான், உனக்க கை நடுக்கமில்ல. நிக்குற பறவைக்கு மட்டும் அத வச்சுக்க. கொக்கு மாதிரி வெள்ளப் பறவை இருட்டுப் பின்னணில நிக்கச்சில எக்ஸ்போஷர, அதாவது படத்துல விழுற வெளிச்சத்த, முக்கா ஸ்டாப் கொற, இல்லன்னா தூவல் எல்லாம் சுண்ணாம்பு அடிச்சமாதிரி ஆயிரும். மிரர்லெஸ்ல எடுக்கதுக்கு முன்னாலயே ஸ்கிரீன்ல தெரியுமே, எங்க காலத்துல கழுவுனாத்தான் தெரியும். கடக்கரைல லென்ஸ் மாத்தாத. வீட்டுக்கு வந்து லேசா ஈரத்துணியால தொட, காஞ்ச துணி வச்சு தேய்ச்சா உப்புப் பொடி கீறும்.

இப்ப அந்த கூட்டு காரியம். ரெண்டு மூணு நாளு அந்த பக்கமே போவாத. பெறவு போனா சாயங்காலம் வெயிலு தாந்த பெறவு போ, கார விட்டு எறங்காத. கார பறவை மனுசனா நெனக்காது, கண்ணாடிய எறக்கி, ஒரு துணிப்பைல ரெண்டு கிலோ பயறு கட்டி கதவு மேல வச்சு லென்ஸ அதுமேல சாய்ச்சா ஸ்டாண்டே வேண்டாம். தூரம் எவ்வளவுன்னு கேட்டா, அது கத்துனா நீ கிட்ட நிக்கிறன்னு அர்த்தம், பின்னால எடு. கூட்ட சுத்தி கல்லு அடுக்கி பாதுகாப்பு பண்றேன்னு ஒண்ணும் செய்யாண்டாம், அதுவும் காக்காக்கு அடையாளம்.

பொரிக்க நாலு வாரத்துக்கு கொஞ்சம் கூட ஆவும். நீ பாத்தப்ப எத்தன நாளு முட்டைன்னு தெரியாதுல்லா, அதனால ஒருநாளு போவச்சில கூடு காலியா கெடந்தா ஒடனே மனசு தளராத. ஆக்காட்டி குஞ்சு கூட்டுல இருந்து இர வாங்கித் தின்னுற சாதி இல்ல, பொரிச்சு ஒடம்பு காஞ்சதும் எறங்கி ஓடும், தாய் ஒரு சத்தம் குடுத்தா அப்பிடியே மண்ணோட ஒட்டி படுத்துரும், காலுக்கு கீழ கெடந்தாலும் தெரியாது. அதனாலதான் எறங்காதன்னு சொல்றேன். ரெண்டும் அங்கனயே சுத்திக்கிட்டு நிக்குதான்னு மட்டும் கார்ல இருந்து பாரு, நின்னா குஞ்சு பக்கத்துல எங்கயோ உண்டு. ஒரு அரமணிக்கூறு அசயாம இருந்தா ஒவ்வொண்ணா எந்திரிச்சு ஓடும், அப்ப எண்ணு.

அம்மை உனக்கு நேந்திரங்கா உப்பேரி வறுத்து வச்சிருக்கா, அடுத்த மாசம் ஊருல இருந்து வாற பிள்ளைட்ட குடுத்து விடுறோம். ஜனவரில லீவு கெடச்சா வா, ஸ்கோப் உனக்கு தாறேன், நான் கேமராவோட பக்கத்துல இருக்கேன்.

நாலுல எத்தன குஞ்சுன்னு எண்ணி எழுது மக்களே, ராத்திரியானாலும் பரவால்ல.

அப்பா