பெரியதோடு பெரியது வேறு, சின்னதோடு சின்னது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சைக்கிள் பராமரிப்புக் கட்டுரையில், 'செயினைக் குறுக்காக ஓட விடாதீர்கள், கியரெல்லாம் தேய்ந்துவிடும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பதினைந்து ஆண்டுகளாக ரோடு பைக் ஓட்டுகிறேன். செயின் மாற்றுவதும் பெரும்பாலும் நானேதான். அந்த ஒரு வரியில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

செயின் நேராக ஓடாமல் முன்பல்சக்கரத்துக்கும் பின்பல்சக்கரத்துக்கும் இடையில் சாய்ந்து ஓடுவதுதான் குறுக்குச் செயின். அது இரண்டு வகை. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரிய பல்சக்கரம் என்பது ஒன்று. இரண்டு பக்கமும் சின்னது என்பது மற்றொன்று. இரண்டிலும் செயின் சாய்வது 3 டிகிரி அளவுக்குத்தான். இன்றைய செயின்கள் பக்கவாட்டில் அவ்வளவு வளைந்து கொடுக்கும்படியே செய்யப்படுகின்றன. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் மட்டுமே உள்ள வண்டிகளில் கேசட்டின் (பின்புறப் பல்சக்கரங்களின் அடுக்கு) இரு ஓரங்களிலும் செயின் சாய்ந்துதானே ஓடுகிறது?

கியர் தேர்வால் தேய்மானம் கூடுகிறது என்றால் அதற்குக் காரணம் சாய்வு அல்ல, செயினின் இழுப்பு. சின்னதோடு சின்னதாக முன்னால் 34 பல், பின்னால் 11 பல் என்று வைத்தால் கிடைக்கும் விகிதம் 3.09. அதையே 50-க்கு 16 என்று வைத்தால் 3.125. காலுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதே வேகத்தில் அதே பலத்தோடு மிதிக்கும்போது, 34-க்கு 11-ல் செயினின் இழுப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அத்தனையையும் பின்னால் ஐந்தாறு பற்களே தாங்க வேண்டும். போதாததற்குச் செயின் முன்புறப் பெரிய சக்கரத்தின் உட்பக்கத்தில் உரசிக் கரகரவென்று சத்தம் போடும். இந்தக் கியரைத் தவிர்க்கச் சொல்லுங்கள், முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். கையருகிலேயே அதற்கு இணையான கியர் இருக்கும்போது இது எதற்கு?

பெரியதோடு பெரியதில் இழுப்பு குறைவு, கண்ணிகள் மடங்கும் கோணமும் குறைவு. மேட்டின் கடைசி நூறு மீட்டரில் முன் கியரை மாற்றித் தடுமாறுவதைவிட, அப்படியே அழுத்தி ஏறிவிடுவது நல்லது. நான் எப்போதும் செய்வது அதுதான்.

அதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனால் அது தேய்மானம் அல்ல, செயினின் நீளம். ஒருமுறை கடையில் கொடுத்து மாற்றியபோது செயினைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் பெரியதோடு பெரியதுக்குப் போனதும் செயின் விறைத்து, பின் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) முன்னால் இழுபட்டு, அதைத் தாங்கும் கொக்கி முறிந்தது. டிரெய்லியர் ஆரக்கம்பிகளுக்குள் போகாதது என் அதிர்ஷ்டம். டிரெய்லியரில் நுழைக்காமல் இரண்டு பெரிய பல்சக்கரங்களையும் சுற்றிச் செயினைப் போட்டு, அதற்கு மேல் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டுவது பழைய முறை. இதைக் கட்டுரையில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

இன்னொன்று. கியரைவிடச் செயினை அதிகம் தின்பது மண்ணும் ஈரமும்தான். கண்ணிகளை இணைக்கும் சிறு ஊசிக்கும் தகட்டுக்கும் இடையில் புகுந்த பொடிமணல் எண்ணெயோடு சேர்ந்து அரம்போல அராவுகிறது. வீட்டுக்குள் டிரெய்னரில் (வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டும் தாங்கி) மட்டும் ஓடும் என் பழைய வண்டியில் எந்தக் கியரையும் நான் பார்த்துப் போடுவதில்லை. மழையில் ஓடும் வண்டியில் கவனமாகப் போடுகிறேன். அப்படியும் தேய்ந்து முதலில் நீளுவது மழை வண்டியின் செயின்தான். ஓட்டி வந்ததும் துடைத்து எண்ணெய் விடும் ஐந்து நிமிடத்தை, கியர் எண்ணிக்கொண்டே ஓட்டும் கவனம் ஈடுசெய்யாது.

அளந்து பார்க்க இரும்பு ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நீண்ட செயின் கேசட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும்; பிறகு புதுச் செயின் போட்டாலும் பல்லில் நிற்காமல் வழுக்கும்.

செயினின் நீளத்தை வெட்டுவது, தேய்மானத்தை அளப்பது இரண்டையும் படங்களோடு அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்