எங்களுக்காக ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மியான்மர் சின் மாநிலத்து ஃபலாம்ல இருந்து மாமியாரோட சேர்த்து நாங்க எல்லாரும் பத்திரமா எல்லை தாண்டி மிசோரம் பக்கம் சோகாவ்தார் வந்துட்டோம். பிளேன்ல வந்து குண்டு போட்டதுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், பிளேன் சத்தம் கேட்டா பசங்க இன்னும் மேசைக்கு அடியில பூந்துக்குறாங்க, அதையெல்லாம் எழுத இப்ப தெம்பு இல்ல.

யாங்கோன் தமிழ் சபைக்காரங்க, பணம் போட்டுவிட்ட மெட்ராஸ் சித்தி, தார்ப்பாய் கட்டிக் கொடுத்த இந்த ஊர் யங் மிசோ அசோசியேஷன் சங்கத்து தம்பிங்க, எல்லையில தியாவ் ஆத்துப் பாலத்துல மாமியார முதுகுல சுமந்துட்டு வந்த பேர் தெரியாத பையன், எல்லாருக்கும் நன்றி.

ஆனா ஒரு பாட்டிய பத்தி சொல்லியே ஆகணும். வந்த அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு இடம் கொடுத்தவங்க. அடுப்படியில ஒரு பழைய பால் பவுடர் டின். நம்ம சபைல பிடியரிசி எடுப்போமே அதேதான், இங்கயும் பொம்பளைங்க ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசிய சபைக்குன்னு தனியா போட்டு வைக்கிறாங்க. வீட்டு அரிசி எங்க எல்லாருக்கும் பத்தாதுன்னு பாட்டி அந்த டின்ன எடுத்து மொத்தத்தையும் பானையில கவுத்துட்டாங்க. சபைக்காரங்க கேப்பாங்களேன்னு வீட்டுக்காரர் பதறுனாரு, பாட்டி காதுல வாங்கவே இல்ல. மறுநாள் காலைல அவங்க வீட்டு உலைக்கு அரிசி அளந்தவங்க, ஒரு பிடிய அள்ளி அந்த காலி டின்ல போட்டாங்க.

இவ்வளவுக்கும் அவங்க பிரஸ்பிட்டேரியன், குழந்தைக்கு தண்ணி தெளிக்கிற சபை. நாங்க 1899ல கார்சன் மிஷனரிங்க எங்க சின் பக்கத்து ஹாக்காவுக்கு வந்து ஆரம்பிச்ச பாப்டிஸ்ட் வழி, முழுக்கு எடுத்தாத்தான் ஞானஸ்நானம்னு மாமனார் சண்டையே போடுவாரு. அத சொல்லி மாமியார் சிரிச்சாங்க, ஊர விட்டு கிளம்புனதுல இருந்து அவங்க சிரிச்சது அப்பதான்.

என் விசுவாசம் ரொம்ப பெருசுன்னு நினைச்சுக்காதீங்க. 2021 செப்டம்பர்ல எங்க சின் மாநிலத்து தந்த்லாங்ல, எரியிற வீட்ட அணைக்க ஓடுன பாஸ்டர் சுங் பியாக் ஹும்ம ராணுவத்துக்காரங்க சுட்டுக் கொன்னாங்கல்ல, அதுல இருந்தே பரமண்டல ஜெபத்துல கடனாளிகள, அதாவது நமக்கு தப்பு செஞ்சவங்கள, மன்னிக்கிற வரி வந்தா எனக்கு வாய் வரமாட்டேங்குது. கூட இருக்கிறவங்க சொல்லுவாங்க, நான் சும்மா நிப்பேன். பாட்டி செஞ்சத மட்டும் என்னால செய்ய முடியும், கேம்ப்ல ரேஷன் அரிசி வாங்குன நாள்ல இருந்து நானும் ஒரு பிடி தனியா எடுத்து வைக்கிறேன், அடுத்து பாலம் தாண்டி வர்றவங்களுக்கு.

போர்வை போதும், இனிமே அனுப்பாதீங்க. அனுப்புறதா இருந்தா பசங்களுக்கு நோட்டு, பென்சில், மாமியாருக்கு பிரஷர் மாத்திரை.