பிஎச்டிக்கு கிளம்புற தம்பிக்கு

அன்பு தம்பி,

போன ஞாயிறு வாலிபர் கூட்டம் முடிஞ்சதும் வண்டி ஸ்டாண்ட்ல வச்சு கேட்டியே, "அக்கா, பிக்பேங்க வச்சே ஆதியாகமம் ஒண்ணாம் அதிகாரத்த நிரூபிச்சிடலாம்ல, கிளம்புறதுக்கு முன்னாடி அதையே சாட்சியா சொல்லட்டுமா"ன்னு, கையில கேசரி தட்டோட நின்னதுல எனக்கு ஒண்ணும் ஓடல, அதான் எழுதுறேன்.

அந்த பிக்பேங்குக்கு, அதாவது பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்புல ஆரம்பிச்சதுங்கிற கொள்கைக்கு, விதை போட்டவரே ஒரு பாதிரியார்தான்டா. ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியம்காரர், 1923ல குருப்பட்டம் வாங்குனவரு (கத்தோலிக்கர், நம்ம சபை பெரியவங்க மூஞ்சிய சுளிப்பாங்க, விடு). 1927ல ஐன்ஸ்டைனோட சமன்பாடுகள வச்சே பிரபஞ்சம் விரியுதுன்னு எழுதுனாரு, ஐன்ஸ்டைனோ கணக்கு சரி ஆனா பிசிக்ஸ் சகிக்கலன்னு நேர்லயே சொல்லிட்டாரு. மனுஷன் அசரல, 1931ல எல்லாமே ஒரு ஆதி அணுவுல இருந்து வந்திருக்கணும்னு இன்னும் ஒரு படி மேல போனாரு.

கதை இனிமேதான். 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ், ஆதியாகமத்துல கடவுள் "வெளிச்சம் உண்டாகக்கடவது"ன்னு சொன்ன அந்தப் படைப்பு நேரத்துக்கு விஞ்ஞானமே சாட்சின்னு பேசிட்டாரு. நானா இருந்தா அந்தப் பேச்ச ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருப்பேன். லெமைத்ருக்கு சங்கடமா போச்சு. அப்போ அது வெறும் ஒரு கொள்கை, எதிர்க்கொள்கையும் பலமா இருந்துச்சு, ஆதாரமா, பிக்பேங்கோட மிச்சமா பிரபஞ்சம் முழுக்க பரவிக் கிடக்குற மைக்ரோவேவ் கதிர்வீச்சு சிக்குனதே 1965ல, அவரு சாகுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. தன்னோட கொள்கைக்கும் மதத்துக்கும் முடிச்சு போடாதீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, பூசை வைக்கிறதயும் விடல.

அப்போ விசுவாசம் லேபுக்குள்ள எங்கதான் வரும்னு கேப்ப. எனக்கு வந்த இடத்த சொல்றேன். எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல ஒரே சோதனைக்கு மூணு பிளேட் (மீடியம்னு சத்துக்கலவை ஊத்தி வளர்க்கிற தட்டு) போட்டேன், ரெண்டு நான் நெனச்ச மாதிரியே வந்துச்சு, மூணாவது வரல. கூட இருந்த சீனியர் "கன்டாமினேஷன், வெளிக்கிருமி கலந்துடுச்சுன்னு தூக்கிடு"ன்னாங்க, தூக்கிட்டேன். நன்றியுரையில மொத வரியே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு போல்டுல டைப் பண்ணி வச்சிருந்தேன், நாலாவது சாப்டர் டேபிள்ல பொய். மறுநாள் மீடியம் எடை போட பேலன்ஸ ஜீரோ பண்ணிட்டு நிக்கிறேன், சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" வந்து நிக்குது, எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. பத்து நாள் திரும்ப ஓட்டுனேன். மூணாவது பிளேட் சொன்னதுதான் சரி. மார்க்கும் கொறஞ்சுச்சு, அது வேற.

சாட்சி சொல்லு, வேணாங்கல, பிக்பேங்க மட்டும் விட்டுடு. கிறிஸ்மஸுக்கு வரும்போது லேப் நோட்ட எடுத்துட்டு வா, நீ அடிச்சு எழுதுன பக்கத்த எல்லாம் நான் பாக்கணும்.

அக்கா