டீக்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று மாலை படிப்பகத்தைத் திறந்துவிட்டோம். உள்ளே நுழைந்தால் ஈர வாடை இன்னும் முகத்தில் அடிக்கிறது. ஆனாலும் புத்தகங்கள் அலமாரியில் நிற்கின்றன. படிப்பகத்துக்குள் வெள்ளம் புகுந்து புத்தகங்கள் நனைந்த அந்த மூன்று நாள் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் பெட்டிகளைத் தலையில் சுமந்த பிள்ளைகள், கேட்டவுடன் மண்டபத்தைத் திறந்துவிட்டவர், முகூர்த்த நாள் நெருங்கியும் மின்விசிறிகளை எங்களிடமே விட்டுவைத்த பந்தல்காரர், சோறாக்கிப் போட்ட அக்காமார்கள், தஞ்சாவூரிலிருந்து தொலைபேசியிலேயே வழி சொன்ன ஓய்வுபெற்ற நூலகர் ஐயா: உங்கள் அனைவருக்கும் கைகூப்பி நன்றி.

"வெயிலில் போடாதீர்கள், கோணிவிடும். இரண்டு நாளுக்குள் ஈரத்தை எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பக்கங்களுக்கு நடுவே காய்ந்த தாள் வையுங்கள்" என்றார் நூலகர் ஐயா. ஊரே நனைந்து கிடந்தது. காய்ந்த தாளுக்கு எங்கே போவது?

கடைத்தெரு டீக்கடை அண்ணன் யாரும் கேட்காமலே பரணில் ஏறினார். பஜ்ஜி மடிக்கச் சேர்த்து வைத்திருந்த நாளிதழ்க் கட்டுகளை ஒன்று விடாமல் இறக்கினார். கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை, எங்களோடு உட்கார்ந்துவிட்டார். இருபது பக்கத்துக்கு ஒரு தாள் வைப்பார். அது ஊறியதும் உருவிவிட்டு வேறு தாள் செருகுவார். வழவழப்பான படப் புத்தகங்கள் ஒட்டிக்கொண்டபோது நாங்கள் அவசரப்பட்டுப் பிரிக்கப் போனோம். "விடுங்கள் தம்பி, கிழிந்துவிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவற்றில் 11 புத்தகங்களை மட்டும்தான் காப்பாற்ற முடியவில்லை.

நள்ளிரவு தாண்டியதும் சொன்னார்: "நான் மூன்றாவதோடு நின்றவன். காலையில் கடைக்கு வருகிறவர்கள் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்கள். டீ ஆற்றிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்துத்தான் எழுத்து மறக்காமல் இருக்கிறது."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. நம் வாசகர் வட்டக் கூட்டங்களில் 1931-இல் மன்னார்குடிப் பக்கம் ஊர் ஊராகப் போன மாட்டுவண்டி நூலகத்தைப் பற்றிப் பேசுவோம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றியும், அவர் பாடுபட்டு 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தைப் பற்றியும் பெருமையாகப் பேசுவோம். பேச வேண்டியவைதான். ஆனால் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட டீக்கடை பெஞ்சை நாங்கள் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை. கட்சிப் படிப்பகங்களும் தொழிற்சங்க வாசகசாலைகளும் அந்தப் பழக்கத்தின் மேல் எழுந்தவைதானே? நம் படிப்பகமே ஒரு கீற்றுக் கொட்டகையும் ஒரு நாளிதழுமாகத் தொடங்கியதுதானே?

இப்போது அண்ணனின் பரண் காலியாகக் கிடக்கிறது. பஜ்ஜியை வாழை இலையில் வைத்துத் தருகிறார். தாளுக்குக் காசு கொடுக்கப் போனால் வாங்க மறுக்கிறார். அவர் கடையில் சத்தம் போட்டுப் பேப்பர் படிக்கும் வழக்கமும் கைபேசி வந்த பிறகு நின்றுபோயிருக்கிறது. அதனால் வாசகர் வட்டத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை முதல் தினமும் காலை 6 மணிக்கு எங்களில் ஒருவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழை உரக்கப் படிப்போம். முதல் வாரம் என் முறை.